காரைதீவு – அம்பாறை வீதி: பதினைந்து மைலின் கதை



ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவது கல்வெட்டை. அது கிடைக்காவிட்டால் செப்பேட்டை. அதுவும் இல்லையென்றால் பள்ளிவாசலின் பழைய தூணையோ, கோயிலின் பழைய மணியையோ தேடுவர். வீதியைத் தேடிப் போவோர் குறைவு. அது எந்நேரமும் காலுக்குக் கீழே கிடப்பது. ஆதலால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், ஊர்கள் எதற்காக ஒன்றையொன்று நாடின, எப்போது ஒன்றுக்கொன்று அஞ்சின, எந்த ஊர் எந்த ஊரின் வாசலில் கை கட்டி நின்றது என்பதையெல்லாம் சொல்வதற்கு வீதியைப் போல வேறு சாட்சி இல்லை என்பது எனது துணிபு.

இன்றைய உரைக்கு அப்படி ஒரு சிறு வீதியை எடுத்துக்கொள்கிறேன். காரைதீவு முச்சந்தியில் தொடங்கி, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, மல்வத்தை ஊடாக அம்பாறை நகரைச் சேர்வது அது. நீளம் பதினைந்து மைலுக்குக் கிட்ட. பஸ்ஸில் ஏறியவர் ஒரு சிறு தூக்கம் போட்டு எழுவதற்குள் முடிந்துவிடும் தூரந்தான்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று வளைந்து மட்டக்களப்பு வரை செல்லும் ஏ 4 நெடுஞ்சாலையை நேயர்கள் அறிவீர்கள். அம்பாறைக் கரையோரத்தின் முதுகெலும்பு அதுதான். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்கள் அதில் மணி கோத்தாற்போல் கிடக்கின்றன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்பதை அயலார் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த வீதியில் போகிறவருக்குக் கடலின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆதலால், இவை மீன்பிடி ஊர்கள் என்று அயலார் எண்ணிவிடுவதுண்டு. மீன்பிடியும் உண்டுதான். ஆனால் இக்கரையோர மக்களின் சோறும், சீதனமும், சண்டையும் சமாதானமும் நெடுங்காலமாக நெல்லிலேயே தங்கியிருந்தன. நெல் விளைவது மேற்கே. கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து வாழ்ந்தவர்கள் எங்கள் முன்னோர். அவர்கள் பார்த்த திசையில் போவதுதான் நான் சொல்லவந்த வீதி.

முதலில் அதன் வழியிலுள்ள ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். தொடங்குமிடம் காரைதீவு. அதன் ஈற்றில் நிற்பது ‘தீவு’. அடுத்த பேரூர் சம்மாந்துறை. அதன் ஈற்றில் ‘துறை’. சம்மாந்துறையோடு ஒட்டிக் கிடப்பது வீரமுனை. அதில் ‘முனை’. இன்னும் மேற்கே வந்தால் வளத்தாப்பிட்டி. ‘பிட்டி’ என்றால் மேட்டு நிலம். தீவு, துறை, முனை, பிட்டி. இவை நீரைக் கண்டவர்கள் இட்ட பெயர்கள். இன்று காரைதீவைச் சுற்றிக் கடலில்லை. சம்மாந்துறையில் ஓடம் கட்டுவாரில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளிதான். ஆனால் பெயர் வைத்த காலத்தில் இந்நிலம் எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தச் சொற்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சம்மாந்துறையின் பெயர் ‘சம்பான் துறை’ என்பதிலிருந்து வந்தது என்பது ஊர் வழக்கு. சம்பான்கள் வந்து தரித்த துறையாம். வீரமுனைக்கும் ஒரு கப்பற் கதை உண்டு. சீர்பாததேவி என்னும் சோழ இளவரசி வந்த கப்பலில் ஒரு பிள்ளையார் சிலை இருந்ததாகவும், கப்பல் எங்கே தரை தட்டி நிற்கிறதோ அங்கே கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டதாகவும், அது வீரமுனையில் வந்து நின்றதாகவும் ஐதிகம். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் அப்படி எழுந்ததென்பர். ஒன்று முஸ்லிம் ஊரின் கதை. மற்றது தமிழூரின் கதை. இருவரும் ஒருவர் கதையை ஒருவர் கேட்டு இட்டுக்கட்டியவர்கள் அல்லர். ஆனால் இரண்டு கதைகளும், கடலுக்கு மூன்று நான்கு மைல் உள்ளே ஒரு காலத்தில் மரக்கலம் வந்தது என்று ஒரே குரலில் சொல்கின்றன. கதைகளைச் சரித்திரமாகக் கொள்ள வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. இரு வேறு மக்கள் தனித்தனியே ஒன்றை நினைவில் வைத்திருந்தால், அந்த நினைவுக்கு அடியில் ஏதோ ஈரம் இருக்கத்தான் வேண்டும் என்கிறேன்.

இனி எழுத்துச் சான்றுக்கு வருவோம். 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆதிக்கத்திலிருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். போர்த்துக்கேயப் பாதிரியாரான குவைரோஸ் அத்தொகையை நாலாயிரம் என்று எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் வந்தபோது ஆளில்லா நிலத்துக்கு வந்தவர்கள் அல்லர். முன்பே இங்கே தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். வந்தவர்களும் இருந்தவர்களும் கலந்து நிலத்தைத் திருத்தினர். கடற்கரைக்கும் கண்டி இராச்சியத்துக்கும் இடையே தவளம் நடத்தியோரில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்குண்டு. தவளம் என்பது பொதி மாடுகளின் வரிசை. உப்பும், கருவாடும், புடைவையும் உள்ளே போகும். பாக்கும் பிறவும் வெளியே வரும். கரையிலிருந்து மேற்கே போகும் பாதைகளை முதலில் மிதித்து வகுத்தவை அந்த மாடுகளின் குளம்புகள் என்று சொன்னால் தவறாகாது.

ஒல்லாந்தர் காலத்தில் இந்நிலத்தின் பெறுமதியைக் கண்டுகொண்டவர் மட்டக்களப்பில் பொறுப்பதிகாரியாக இருந்த பேர்னண்ட். அவர் 1794இல் எழுதிய அறிக்கை இப்பகுதியின் வேளாண்மை பற்றி ஆராய்வோர் இன்றும் புரட்டிப் பார்க்கும் ஆவணம். அடுத்து ஆங்கிலேயர் வந்தனர். 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் நீர்ப்பாசனத்தில் ஆர்வங்கொண்டவர். 1856இல் அவர் கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டம், வயற்காரரிடையே வழங்கிய பழைய வழமைகளுக்கே சட்டவலு கொடுத்தது. இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டது அவருடைய காலத்து முயற்சியாலேதான். நேயர்கள் இதை மனத்திலிருத்திக்கொள்ள வேண்டும்: அம்பாறை என்னும் பெயர் அக்காலத்தில் ஒரு நகரின் பெயராக வழங்கவில்லை, காட்டுக்கு நடுவே கிடந்த ஒரு குளத்தின் பெயராகவே வழங்கிற்று. கரையோரத்து மனிதனுக்கு அது தன் வயலின் மேற்குத் தலைமாடு. அதற்கப்பால் யானை, கரடி, வேட்டைக்காரன்.

அந்தக் காலத்து வீதியை என் மூத்தவாப்பா சொல்ல நான் கேட்டிருக்கிறேன். பெரும்போகத்துக்கு மழை விழுந்ததும் வண்டில்கள் புறப்படும். விதை நெல், கலப்பை, சட்டி பானை, கருவாட்டுப் பொட்டளம், பாய் எல்லாம் ஏறும். போடியார் நல்ல வண்டிலில், முல்லைக்காரர் நடந்து. வட்டையில் வாடி கட்டினால் சில மாதங்கள் அங்கேதான் வாசம். விதைப்பு, குருவிக்காவல், இராப்பொழுதில் பன்றிக்காவல், பிறகு வெட்டு, சூடு வைத்தல், சூடு மிதித்தல். களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது. ‘பொலி’ என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டில் வட்டைவிதானையின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. வாடியில் தனித்திருந்தவனின் வாயிலிருந்தும், வீட்டில் காத்திருந்தவளின் வாயிலிருந்தும் பிறந்தவைதான் இன்று நாம் நாட்டார் கவிகள் என்று தொகுத்துப் பாராட்டும் செல்வம். அந்த வகையில் நம் நாட்டாரிலக்கியத்தின் ஒரு பகுதிக்கு இவ்வீதியே தாய் என்பேன். வீதி ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. அதனால் கவி பிறந்தது.

படித்தவர் இலக்கியத்துக்கும் இப்பக்கம் குறைவில்லை. வீதி தொடங்குகிற காரைதீவு, 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த மண். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, 1947இல் யாழ்நூலை வெளியிட்டு, அதே ஆண்டில் மறைந்தவர் அவர். சந்தியிலே நின்று போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது அவரது சிலை. கவிஞர் நீலாவணன், இக்கரையோரத்து வயல் வாழ்வை ‘வேளாண்மை’ என்னும் காவியமாகப் பாடினார். 1975இல் அவர் மறைந்த பிறகு, 1982இலேதான் அது நூலுருப் பெற்றது. வண்டில் போய் உழவு இயந்திரம் வந்துவிட்ட காலத்திலே, வண்டில் காலத்துச் சொற்களை அழியாமற் காத்துத் தந்த நூல் அது. வித்துவான் வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் செய்த பணியும் இத்தகையதே.

நிற்க. இப்போது வீதியின் திசை மாறிய கதைக்கு வருவோம்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. சுதந்திர இலங்கையின் முதலாவது பெரும் பல்நோக்குத் திட்டம் அது. நாம் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அமெரிக்கக் கம்பனியான மொரிசன் நட்சன் அணை கட்டிற்று. சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர் பெற்ற அந்த நீர்த்தேக்கம் ஏறக்குறைய 7,70,000 ஏக்கர் அடி நீரைக் கொள்வது. காடு வெட்டப்பட்டது, கொலனிகள் எழுந்தன. கொலனிகள் பலவற்றுக்கு ஊர்ப்பெயர் கிடைக்கவில்லை, எண்தான் கிடைத்தது. பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் கொண்டுவந்து அமர்த்தப்பட்டன. கடலை நோக்கிய கீழ்ப்பகுதிக் கொலனிகளில் தமிழரும் முஸ்லிம்களும் அமர்ந்தனர். குளத்தின் பெயராயிருந்த அம்பாறை, திட்டத்தின் நிர்வாக நகரமாயிற்று.

அதன்பின் 1961இல் மட்டக்களப்பு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. தென்பகுதி அம்பாறை மாவட்டம் என்று பெயர் பெற்றது, தலைநகர் அம்பாறை. அதுவரை கல்முனையிலும் சம்மாந்துறையிலும் இருந்தவர்கள் காணி அலுவலா, வழக்கா, எதுவானாலும் மட்டக்களப்புக் கச்சேரிக்கு வடக்கே போனார்கள். இனி மேற்கே போக வேண்டும். வயலுக்குப் போன வீதியே கச்சேரிக்குப் போகும் வீதியாயிற்று. வயலுக்குப் போகிறவன் உடைமைக்காரனாகப் போனான். கச்சேரிக்குப் போகிறவன் மனுக்காரனாகப் போனான். ஒரே வீதிதான், ஆனால் அதில் போகிறவனின் நடை மாறிவிட்டது.

1956இல் வந்த அரசகரும மொழிச் சட்டத்தின் பின் இந்தப் பயணத்தில் மொழியும் ஒரு சுமையாயிற்று. தமிழ் மட்டும் அறிந்தவர்கள் படிவத்தை நிரப்பத் துணை தேட வேண்டியிருந்தது. கரையோரத்துக்கென்று தனி நிர்வாக மாவட்டம் வேண்டும் என்னும் கோரிக்கை பல தசாப்தங்களாக எழுந்து வருவதற்கு இந்தப் பதினைந்து மைல் பயணமும் ஒரு காரணம். அரசியல் மேடையில் அது எல்லைக் கோடுகளின் கதையாகப் பேசப்படும். சாதாரண மனிதனுக்கோ அது ஒரு நாட்கூலியை இழந்து பஸ்ஸில் ஏறும் கதை.

ஆனால் வீதி ஒருபக்கக் கணக்கு எழுதுவதில்லை. அதே வீதியால் மருதமுனைக் கைத்தறிச் சாரன்கள் அம்பாறைக்குப் போயின. விடியற்புறத்தில் மீன்பெட்டியைச் சைக்கிளிலும், பின்னாளில் மோட்டார் சைக்கிளிலும் கட்டிக்கொண்டு கரையோரத்து வியாபாரிகள் கொலனி கொலனியாய் ஏறி இறங்கினர். அவர்கள் பேசிய சிங்களத்தை எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை. கொலனி வாசலில் மீனை நிறுத்துக் கொடுத்துக் கொடுத்தே கற்றார்கள். கரையோரத்து இளைஞர் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிலையத்தில் கற்றனர். பின்னாளில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தபோது, நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் மாணவர்கள் இவ்வீதிக்கு வந்து இறங்கினர்.

தண்ணீரும் ஒரு கணக்கு எழுதிற்று. கல்லோயா இடதுகரை வாய்க்காலின் தலைமடையில் இருப்பவர் சிங்கள விவசாயிகள். கடைமடையில் இருப்பவர் தமிழ் பேசுவோர். தலைமடையில் திறந்துவிட்டுத் தூங்கினால் கடைமடையில் பயிர் கருகும். 1980களின் தொடக்கத்தில் அங்கே விவசாயிகள் குழுக்களை அமைக்கும் முயற்சி ஒன்று நடந்தது. குளத்தில் நீர் குறைந்திருந்த 1981இல், மேலே இருந்த சிங்கள விவசாயிகள் சிக்கனமாய்ப் பாய்ச்சி மிச்சப்பிடித்த நீரைக் கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்கு விட்டுக்கொடுத்தனர். அம்முயற்சியில் பங்குகொண்ட அமெரிக்கப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இதைப் பற்றி 1992இல் ஒரு நூலே எழுதினார். இனப்பகை கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் நடந்தது அது. கலவரங்களைப் பற்றிப் பல நூறு பக்கங்கள் எழுதப்பட்ட நாட்டிலே, வாய்க்காலில் விட்டுக்கொடுத்த தண்ணீரைப் பற்றி நாம் ஒரு கதையாவது எழுதினோமா என்று நான் யோசிப்பதுண்டு.

கலவரங்களையும் சொல்லத்தான் வேண்டும். 1956 ஜூன் மாதத்தில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்மீது நிகழ்ந்த வன்செயல், சுதந்திரத்துக்குப் பின் இந்நாடு கண்ட முதலாவது பெரும் இன வன்செயல். அன்று உயிர் தப்பியவர்கள் கிழக்கு நோக்கிக் கரைக்கு ஓடினர். 1990இல் நிகழ்ந்தது கரையின் இரு பிள்ளைகளுக்கிடையே. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 12ஆம் திகதி, நான் முன்னே சொன்ன அதே வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். கப்பல் தரைதட்டிய கதையின் கோயில் அது. அந்த ஆண்டிலும் அதன் பின்னரும் முஸ்லிம் விவசாயி தன் வயலுக்குப் போக அஞ்சினான். தமிழ் விவசாயியும் அஞ்சினான். விளைந்த வயலில் அறுப்பாரில்லாமற் பயிர் சாய்ந்தது. வீதியில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. நூறு ஆண்டுகளாய் நடந்து தேய்ந்த வீதி, நடப்பாரற்றுக் கிடந்த நாட்களும் இருந்தன.

பிறகு 2004 டிசம்பர் 26. அந்தக் காலையில் கடல் எழுந்து வந்தபோது கரையோரத்தார் எத்திசையில் ஓடினர்? மேற்கே. முன்னோர் நெல்லுக்காக எந்தத் திசையைப் பார்த்தனரோ அந்தத் திசையிலேயே பிள்ளைகள் உயிருக்காக ஓடினர். காரைதீவிலிருந்தும், சாய்ந்தமருதிலிருந்தும், கல்முனையிலிருந்தும், நிந்தவூரிலிருந்தும் ஓடியவர்களுக்குச் சம்மாந்துறையின் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் வீடுகளும் கதவு திறந்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டிலேயே மிகக் கூடிய இழப்பு இம்மாவட்டத்துக்குத்தான். அந்த நாட்களில் அம்பாறைப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள் சமைத்துக் கட்டிய சோற்றுப் பொதிகள் கிழக்கே வந்தன. 1956இல் அஞ்சி ஓடியதும் இவ்வீதியில்தான். 2004இல் சோறு வந்ததும் இவ்வீதியில்தான்.

இவ்வளவையும் சுமந்த வீதிக்கு ஓர் இடத்தில் மட்டும் முதுகு தாழ்ந்திருக்கிறது. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, மாவடிப்பள்ளிப் பக்கம். வடகீழ்ப் பருவமழை முற்றுகிற கார்த்திகை, மார்கழியில் மேற்கிலிருந்து வரும் வெள்ளம் கடலைத் தேடி இப்பள்ளத்தில் இறங்கும். நாடெங்கும் வெள்ளமெடுத்த 1957 மார்கழியை முதியவர்கள் பல காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அணை கட்டிய பின்னும் வெள்ளம் பழைய வழியை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டாது. துறையும் முனையும் தீவும் இருந்த நிலமல்லவா?

தாம்போதி என்னும் சொல்லை மலைநாட்டு நேயர்கள் அறியாதிருக்கலாம். வீதியை உயர்த்திப் பாலம் கட்டாமல், வெள்ளம் வீதிக்கு மேலாகவே கடந்து போகும்படி தாழ்த்திக் கட்டிய இடத்துக்குத் தாம்போதி என்று பெயர். அதை வெறும் சீமெந்துத் தரை என்று எண்ணாதீர்கள். அது மனிதன் நீரோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. ‘நீ வரும்போது நீ போ, நீ போய் முடிந்ததும் நான் போகிறேன்’ என்பதே அதன் வாசகம். வண்டில் காலத்துக்கு அந்த உடன்படிக்கை பொருந்திற்று. வெள்ளம் வந்தால் மாட்டை அவிழ்த்துவிட்டு, இக்கரையில் உலை வைத்து, இரண்டு நாள் இருந்தாலும் போடியாருக்கு நட்டமில்லை. வயல் எங்கும் ஓடிவிடாது.

இன்றைய பயணி அப்படி இருக்க முடியாது. கந்தோருக்கு நேரம் உண்டு. பரீட்சைக்கு நேரம் உண்டு. வைத்தியசாலைக்குப் போகும் கர்ப்பிணிக்கு நேரம் இல்லவே இல்லை. நாம் வீதியைக் கார்ப்பெட் போட்டு மழுமழுப்பாக்கினோம். அதன்மேல் ஓடும் வாழ்வை விரைவாக்கினோம். மாவட்டத்தின் தலைநகரை அதன் மறுநுனியில் வைத்தோம். பள்ளத்தை மட்டும் பழைய காலத்துப் பொறுமையிடமே விட்டுவிட்டோம். காத்திருக்க முடியாத மக்களைக் காத்திருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் இவ்வீதியின் இன்றைய துயரம்.

2024 நவம்பர் 26ஆம் திகதி அத்துயரம் உச்சத்தைத் தொட்டது. வங்காள விரிகுடாவில் உருவாகி, பின்னர் ஃபெங்கால் என்று பெயர் பெற்ற தாழமுக்கத்தின் மழை கிழக்கை மூழ்கடித்திருந்தது. நிந்தவூரில் மத்ரஸா ஒன்றில் ஓதிக்கொண்டிருந்த சிறுவர்கள் விடுமுறை பெற்றுச் சம்மாந்துறையிலிருந்த தம் வீடுகளுக்குப் புறப்பட்டனர். வெள்ளம் மூடியிருந்த வீதியைக் கடக்க அவர்கள் ஏறியது உழவு இயந்திரத்தின் பெட்டியில். மாவடிப்பள்ளியில் வெள்ளம் அதைப் புரட்டிற்று. சிலர் காப்பாற்றப்பட்டனர். ஆறு மாணவர்கள் உட்பட எட்டு உயிர்களை நீர் கொண்டுபோயிற்று. தேடிய நாட்களில் கரையில் நின்றவர்களில் தமிழர் யார், முஸ்லிம் யார் என்று எவரும் பார்க்கவில்லை. வீடு ஒரு சில மைல் தூரத்தில். கடக்க வேண்டியிருந்தது ஒரு பள்ளம்.

அதன்பின் எழுந்த கேள்விகளை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். யார் தடுத்திருக்க வேண்டும், யார் மறித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்க வேண்டியவை. வரலாறு படிக்கிறவன் என்ற வகையில் எனக்குத் தோன்றுவது வேறொன்று. நாம் இந்நிலத்தின் வரலாற்றைச் செனரத்தின் தயையாகவும், வார்ட்டின் குளமாகவும், சேனநாயக்கவின் அணையாகவும், மாவட்டப் பிரிப்பாகவும் எழுதினோம். இவை யாவும் மனிதன் நிலத்துக்குச் செய்தவை. நிலம் தானே என்னவாயிருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தோமா? சம்மாந்துறையின் பெயருக்குப் பொருள் கேட்டால், ‘சம்பான் வந்த துறை’ என்று பாடசாலைப் பிள்ளை பரீட்சைக்கு எழுதிவிடும். துறையென்றால் இங்கே தண்ணீர் இருந்தது, தண்ணீர் மறுபடியும் வரும், மாரியில் இன்ன இடத்தில் இறங்காதே என்பதையும் அதே சொல்லிலிருந்து அந்தப் பிள்ளைக்கு எடுத்துக்காட்டியிருக்க வேண்டும். பழைய வட்டைவிதானைக்கு அது தெரிந்திருந்தது. எந்த மழைக்கு எந்தப் பள்ளம் எத்தனை முழம் நிறையும் என்பதை அவர் விரல்விட்டுச் சொல்வார். அவருடைய அறிவை நாம் நாட்டார் வழக்காறு என்று பெயரிட்டு ஏட்டில் போட்டுப் பூட்டிவிட்டோம். அது பொறியியலாளரின் மேசைக்குப் போயிருக்க வேண்டிய அறிவு.

ஆதலால் நம் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊர் வரலாறு எழுதுங்கள், நல்லது. ஆனால் எழுதும்போது வம்சாவளியோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரின் வீதி எந்த இடத்தில் தாழ்கிறது, அந்தப் பள்ளத்துக்குப் பெயர் என்ன, எந்த ஆண்டில் நீர் எந்த மரத்தின் எந்தக் கிளை வரை வந்தது என்று முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். முஸ்லிம் முதியவரிடமும் கேளுங்கள். தமிழ் முதியவரிடமும் கேளுங்கள். மேலே கொலனியிலிருக்கும் சிங்கள முதியவரிடமும் கேளுங்கள். தலைமடையில் அவர் கண்ட நீர்தான் மறுநாள் கடைமடையில் உங்களிடம் வருகிறது. அப்படி எழுதிய நூல் ஒன்று பிரதேச செயலகத்திலும் பாடசாலையிலும் இருக்குமானால், அதை அழகான இலக்கியம் என்று எவரும் பாராட்டாவிட்டாலும் குற்றமில்லை.

காரைதீவு – அம்பாறை வீதி பதினைந்து மைல்தான். அதன் நெடுகிலும் மூன்று இனத்தவர் வாழ்கிறார்கள். நெல்லும், மனுவும், மீனும், அச்சமும், சோற்றுப் பொதியும் அதில் போய் வந்திருக்கின்றன. அடுத்த கார்த்திகையில் வெள்ளம் இறங்கும்போது, சம்மாந்துறையில் ஓர் உம்மா வாசலில் நின்று பிள்ளையின் வரவைப் பார்த்திருப்பாள். அவளுக்குப் பதில் சொல்லும் வகையில் அந்தப் பள்ளத்தின்மேல் ஒரு நல்ல பாலம் நிற்க வேண்டும். அதற்கு வேண்டிய வரலாறு நம்மிடம் போதியளவு இருக்கிறது.